உபயப் பலகையும் ஆராய்ச்சிக்கூடமும்

கொடுத்தவர் பெயரைக் கல்லிலே வெட்டிவைக்கும் வழக்கம் தமிழரிடையே மிகப் பழமையானது. சோழர் காலத்துக் கோயிற் சுவர்களில், நந்தாவிளக்கெரிக்க நெய் கொடுத்தோரின் பெயர்களும் அதன்பொருட்டு விடப்பட்ட ஆடுகளின் தொகையும் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் எழுந்த திருமுக்கூடற் கல்வெட்டு ஒருபடி மேலே சென்று, 15 கட்டில்கள் கொண்ட ஆதுலர்சாலை ஒன்றையும், அங்கு பணிசெய்த மருத்துவருக்கு அளக்கப்பட்ட நெல்லையும், இருப்பில் வைக்கப்பட்ட மருந்துகளின் பெயர்களையும் கூறுகிறது. இம்மரபின் தொடர்ச்சியைக் கொழும்பிலே, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும், இன்றும் காணலாம். திருவிழாவின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உபயகாரர் உண்டு. மின்விசிறியின் இறக்கையிலும் குழல்விளக்கின் தண்டிலும் கூட உபயகாரரின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அதே கை வைத்தியசாலைகளுக்கும் நீள்கிறது. கட்டில், சக்கர நாற்காலி, இயந்திரம், நோயாளர் விடுதி என்று கொடை பெருகுகிறது. பெயர்ப் பலகைகளும் பெருகுகின்றன.

எனவே, இச்சமூகம் கொடுக்க மனமில்லாத சமூகம் என்று எவரும் பழிக்க முடியாது. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி திரட்டியோருக்கு நாட்டின் எல்லா இனத்தவரும் கொடுத்தனர். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. மகரகமை வைத்தியசாலைக்கு ஒரு பெற் ஸ்கேன் இயந்திரம் வாங்குவதற்கென 2016இல் 20 கோடி ரூபா இலக்குடன் நிதி திரட்டப்பட்டபோது, சில்லறைக் காசு கொடுத்தவரும் பங்காளர் ஆயினர். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்தின்றி வைத்தியசாலைகள் தவித்தவேளை, கடல்கடந்த தமிழர் பெட்டி பெட்டியாக மருந்து அனுப்பினர். இவை போற்றத்தக்கவை. ஆயினும் இக்கொடைகள் யாவும் நோய் வந்தபின் அளிக்கப்படும் கொடைகள். அந்நோய் ஏன் வந்தது, யாருக்கு வந்தது, வராமற் காக்க வழியுண்டா என்று கேட்பதற்காகக் கொடுக்கப்படும் காசு மிகமிக அருகியே காணப்படுகிறது. கட்டிலுக்கு உபயகாரர் உண்டு, கேள்விக்கு இல்லை. ஒரு சமூகம் தன் நோய்களைப் பற்றிய கேள்வியைத் தானே கேட்கத் தவறுமாயின், அக்கேள்வியைப் பிறர் தமக்கு வேண்டிய ஒழுங்கில் கேட்பர்; சில கேள்விகள் கேட்கப்படாமலே போய்விடும். இதன் விலை உயிர்.

ஆராய்ச்சிக்குக் கொடுப்பது இந்நாட்டு மண்ணுக்கு ஒவ்வாத மேனாட்டு வழக்கம் என்று கருதுவோர் கொழும்பின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். காப்பி, தென்னை, சாராயக் குத்தகை ஆகியவற்றாற் செல்வம் ஈட்டிய டி சொய்சா குடும்பம், 1879இல் கொழும்பிலே மகப்பேற்று மனையொன்று திறக்கப்படுவதற்குப் பொருள் கொடுத்தது. அதே குடும்பத்தின் கொடையைக் கொண்டே 1899இல் நுண்ணுயிரியல் நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இன்று பொறளையில் இயங்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் தோற்றுவாய் அதுவே. முதலாவது கொடை பிரசவத்தின்போது தாயைக் காத்தது. இரண்டாவது கொடை கண்ணுக்குப் புலப்படாத கிருமியைத் தேடியது. 20 ஆண்டுகளுக்குள் ஒரே குடும்பம் சிகிச்சையிலிருந்து ஆராய்ச்சிக்கு நகர்ந்தமை சிந்திக்கத்தக்கது. 1903இல் இங்கு பணியேற்ற இத்தாலிய மருத்துவர் அல்டோ காஸ்டெலானி, ஏழைக் கிராமத்தவரின் உடலைப் புண்ணாக்கி உருக்குலைத்த பறங்கி நோயின் கிருமியை 1905இல் கண்டறிந்தார். உலக மருத்துவ வரலாற்றில் கொழும்பின் பெயர் பதிந்த தருணங்களுள் அதுவும் ஒன்று.

அச்செல்வம் வந்த வழி பற்றி வினா எழுப்புவோர் எழுப்பட்டும். சாராயக் குத்தகையின் சுமையைச் சுமந்தவன் குடியானவனே. எனினும், அதே காலத்திலே கொழும்பிற் பெருஞ்செல்வம் திரட்டிய தமிழ் வணிகரும் நிலவுடைமையாளரும் சட்ட வல்லுநரும் இருந்தனர். கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லிலே திருப்பணி செய்த சேர். பொன்னம்பலம் இராமநாதன், 1913இல் மகளிருக்கென இராமநாதன் கல்லூரியையும் 1921இல் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார். பின்னையது 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகமாக மலர்ந்தது. கல்விக்கெனக் கொடுத்த கொடை அரை நூற்றாண்டு கழித்துப் பல்கலைக்கழகமாக விளைந்தமை, தொலைநோக்குடைய கொடையின் ஆற்றலுக்குச் சான்று. இத்தகைய முன்னோடிகளைக் கொண்ட சமூகத்திலே கோயிலுக்கும் கல்லூரிக்கும் வழிகண்ட கொடைமரபு ஆராய்ச்சிக்கூடத்தின் வாயிலில் நின்றுவிட்டது ஏன்?

உள்ளூர்க் கொடை நின்றுவிட்ட இடத்திலே வெளிநாட்டுக் கொடை புகுந்தது. அதன் வரலாறு மலையகத் தமிழரின் உடலோடு தொடர்புடையது என்பதால் அதனை விரிவாக நோக்குதல் தகும்.

அமெரிக்க எண்ணெய் முதலாளி ஜோன் டி. றொக்பெல்லரின் ஆலோசகர் பிரெடரிக் கேற்ஸ் ஒரு கிறித்தவ போதகர், மருத்துவரல்லர். அவர் 1897இல் வில்லியம் ஒஸ்லரின் மருத்துவப் பாடநூலை முழுவதும் வாசித்தார். பெரும்பாலான நோய்களுக்கு அக்கால மருத்துவத்திடம் மருந்தே இல்லை என்பதைக் கண்டு திகைத்தார். அத்திகைப்பின் விளைவாக 1901இல் றொக்பெல்லர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் உருவாயிற்று. மருத்துவரான சைமன் பிளெக்ஸ்னர் அதற்குத் தலைமை தாங்கினார். செல்வர், ஆலோசகர், மருத்துவர் என்ற மூவர் கூட்டின் முன்மாதிரி இங்கேதான் அமைந்தது. 1913இல் றொக்பெல்லர் மன்றம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், கொலராடோவில் றொக்பெல்லர் குடும்பத்தின் ஆதிக்கத்திலிருந்த சுரங்கக் கம்பனியின் வேலைநிறுத்தத்தின்போது லட்லோ என்னுமிடத்துத் தொழிலாளர் கூடாரங்கள் தாக்கி எரிக்கப்பட்டன. ஒரு கூடாரத்தின் அடியிலிருந்த குழியிற் பதுங்கிய 2 பெண்களும் 11 குழந்தைகளும் மாண்டனர். ஒரே கையிலிருந்து மருந்தும் வந்தது, மரணமும் வந்தது. கொடையாளரைப் புகழும் பாமாலைகளில் இச்செய்தி இடம்பெறுவதில்லை.

இம்மன்றம் 1916இல் இலங்கையிலே கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கியது. மண்ணிலிருந்து வெறுங்காலின் வழியே உடலிற் புகும் இப்புழு, குடலில் ஒட்டிக் குருதியை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குவது. தோட்டத் தொழிலாளர் இந்நோயால் வாடினர் என்பது உண்மை. அவர்களுக்குப் புழுக்கொல்லி மருந்து வழங்கப்பட்டது என்பதும் உண்மை. ஆனால் மருந்துண்டவர் மீண்டும் அதே மண்ணில் மிதித்தனர், மீண்டும் நோயுற்றனர். மலசலகூடம் இல்லாத லயன் வரிசையும் காலணி வாங்க இயலாத கூலியும் அப்படியே இருந்தன. மலசலகூடங் கட்டும் செலவை ஏற்கத் துரைமார் தயங்கினர். தொழிலாளியின் குருதிச்சோகையால் தேயிலைக்கு ஏற்படும் நட்டம் எவ்வளவு என்ற கணக்கு அக்காலத்தில் ஆர்வத்தோடு பேசப்பட்டது. ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் ஏன் வாழவேண்டும் என்ற கேள்விக்கு அந்த ஆர்வம் கிடைக்கவில்லை. கேள்வியைத் தேர்ந்தெடுத்தவர் நியூயோர்க்கில் இருந்தனர். அதனை அனுமதித்தவர் கொழும்புச் செயலகத்திலும் துரைமார் சங்கத்திலும் இருந்தனர். யாருடைய இரத்தம் ஆராயப்பட்டதோ அவர்கள் எந்த மேசையிலும் இருக்கவில்லை.

நியாயத்தின் பொருட்டு மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். மருந்து மட்டும் போதாது என்ற பாடத்தை அம்மன்றமும் காலப்போக்கிற் கற்றது. 1926இல் களுத்துறையில் அதன் ஆதரவுடன் அமைந்த சுகாதாரப் பிரிவு, தாய்சேய் நலம், மருத்துவமாது, சுகாதாரப் பரிசோதகர், பாடசாலைச் சுகாதாரம் என்பவற்றை ஒன்றிணைத்தது. இலங்கையின் பொதுச் சுகாதார அமைப்பு முழுவதற்கும் அதுவே முன்மாதிரியாயிற்று. ஆனால் அவ்வமைப்பின் பயன் கிராமங்களைச் சென்றடைந்த வேகத்தில் தோட்டங்களைச் சென்றடையவில்லை. 2016இல் நடத்தப்பட்ட குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமற்ற சிறுவர் நாடளாவிய நிலையில் ஏறத்தாழ 17 வீதம். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதம். கொளுக்கிப்புழு இயக்கம் தொடங்கிச் சரியாக நூறாண்டு கழிந்த பின்னரும் நிலை இதுவென்றால், கேட்கப்படாத கேள்வியின் விலை எத்தகையது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நல்ல கேள்வி கேட்கப்படும்போது என்ன நிகழும் என்பதற்கும் இலங்கையே சான்று தருகிறது. 1995ஆம் ஆண்டளவில் இந்நாட்டிலே 1 இலட்சம் பேருக்கு 47 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். அம்மரணங்களுட் பெருந்தொகையானவை பீடைகொல்லிகளால் நேர்ந்தவை. பிரித்தானிய மருந்து வணிகர் ஹென்றி வெல்கம் 1936இல் இறந்தபோது எழுதிவைத்த உயிலால் உருவான வெல்கம் நிதியம், இது பற்றிய ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தது. இலங்கை வைத்தியசாலைகளில் 4,632 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்று, நஞ்சை உறிஞ்சுவதற்கெனப் பலமுறை ஊட்டப்படும் கரித்தூள் உயிரைக் காப்பதில் பயன்படவில்லை என்று காட்டியது. எந்தப் பீடைகொல்லியைக் குடித்தோர் எத்தனை வீதம் இறக்கின்றனர் என்ற எண்ணிக்கையும் வைத்தியசாலைகளிலே திரட்டப்பட்டது. அரசு 1995இலும் 1998இலும் கொடிய நஞ்சுகள் சிலவற்றைத் தடுத்திருந்தது. இவ்வெண்ணிக்கைகளின் துணையுடன் 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாற் முதலியவற்றையும் படிப்படியாக விலக்கியது. 20 ஆண்டுகளில் தற்கொலை வீதம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. எத்தனை கட்டில்களை உபயஞ் செய்திருந்தாலும் இத்தனை உயிர்களைக் காத்திருக்க முடியாது. இங்கு பணம் வெளியிலிருந்து வந்தது. ஆயினும் கேள்வி இந்நாட்டு வாட்டுகளிலே பிறந்தது. விடை இந்நாட்டுச் சட்டமாயிற்று. அதுவே வேறுபாடு.

இந்நிலையில் வழமையாக எழுப்பப்படும் மறுப்புகள் சில உள. அவற்றை ஒவ்வொன்றாக ஆராயலாம்.

ஆராய்ச்சி அரசாங்கத்தின் கடமை என்பர் சிலர். மறுப்பதற்கில்லை. ஆனால் ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் இலங்கை செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ ஆயிரத்திலொரு பங்கேயாகும். வைத்தியமும் கல்வியும் கூட அரசின் கடமைகளே. அதனைக் காரணங்காட்டி எவரும் வைத்தியசாலைக்குக் கட்டில் கொடுக்காமலோ பாடசாலைக்குக் கட்டடம் கட்டாமலோ விடவில்லை. கடமை பற்றிய இந்த நுண்ணறிவு ஆராய்ச்சி என்றவுடன் மட்டும் விழித்துக்கொள்வது விந்தையே.

ஏழைக்கு முதலில் மருந்து, பின்னரே ஆராய்ச்சி என்பர் வேறு சிலர். இது இரக்கத்தின் குரல் போல் ஒலிப்பினும், இரக்கத்தை அரைவழியில் நிறுத்திவிடும் வாதம். வடமத்திய மாகாணத்தில் 1990களில் இனங்காணப்பட்ட சிறுநீரக நோய்க்கு உரிய காரணம் இன்றும் முடிந்த முடிபாக நிறுவப்படவில்லை. குருதி சுத்திகரிக்கும் இயந்திரங்கள் எத்தனை கொடுத்தாலும் வரிசை நீண்டுகொண்டே போகும். வரிசையைக் குறைக்க வல்லது காரணத்தைக் கண்டறியும் முயற்சி ஒன்றே. கேணி வற்றுவது ஏன் என்று பாராமல் வாளி வாங்கிக் கொடுப்பவனைக் கிராமத்தவர் கெட்டிக்காரன் என்று சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது மறுப்பு வேதனையானது; அதனை இலகுவில் ஒதுக்கிவிட முடியாது. 1983 யூலையில் கொழும்பிலே தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. வெள்ளவத்தை அவ்வழிவை நேரிற் கண்டது. அதற்கு ஈராண்டு முன்னர் யாழ்ப்பாண நூலகம் சாம்பலாயிற்று. எரிக்கப்படக்கூடிய ஊரிலே நிலையான எதனையும் நிறுவுவது அறிவீனம் என்ற எண்ணம் அன்று தொட்டு ஒரு தலைமுறையின் நெஞ்சில் வேரூன்றியுள்ளது. ஆனால் அந்த அச்சம் அடுக்குமாடிகளைத் தடுக்கவில்லை, கோபுரங்களைத் தடுக்கவில்லை, மண்டபங்களைத் தடுக்கவில்லை. எரியக்கூடியன அனைத்தும் கட்டப்படுகின்றன. ஆராய்ச்சியின் பயனோ, ஒருமுறை வெளியாகிவிட்டால் பல நாட்டு நூலகங்களிலும் பல மருத்துவரின் கைகளிலும் தங்கிவிடுவது. அஞ்சுவோர் முதலில் நாடவேண்டிய முதலீடு அது. அன்றியும், யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வன்னியிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் பெரிய வைத்தியத்துக்கென வருவோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலுமே உறவினர் வீடுகளிலும் விடுதிகளிலும் தங்குகின்றனர். தமிழ் பேசும் மக்களின் நோய்கள் யாவும் இவ்விரு ஊர்களின் தெருக்களைக் கடந்தே செல்கின்றன. அவற்றை எண்ணிப் பதிவதற்கு இதனினும் ஏற்ற இடம் எது?

கொடுப்பவனே எதற்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க உரிமையுடையவன் என்பது நான்காவது வாதம். கோயிலில் அது பொருந்தலாம். ஆராய்ச்சியில் அது நஞ்சு. அமெரிக்கச் சீனி வணிகரின் ஆராய்ச்சி மன்றம் ஹார்வர்ட் ஆய்வாளருக்குப் பணம் கொடுத்தது. இருதய நோயில் சீனியின் பங்கைக் குறைத்தும் கொழுப்பின் பங்கை உயர்த்தியும் எழுதப்பட்ட கட்டுரை 1967இல் வெளியாயிற்று. இவ்வுண்மை பழைய கடிதங்களிலிருந்து வெளிப்பட்டது 2016இல்தான். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் உண்டு நோயுற்றோர் எத்தனை பேர் என்று யார் கணக்கிடுவது? கொடையாளன் விடையையும் சேர்த்து வாங்கிவிட்டால், அது கொடையன்று, கொள்முதல்.

இதனாற் கொடையாளரை விலக்கி மருத்துவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டால் போதும் என்று எண்ணுவதும் பேதைமையே. பகலில் அரச வைத்தியசாலை, மாலையில் தனியார் சிகிச்சை நிலையம் என்று ஓடும் நிபுணர் பலருக்கு, நிதியத்தின் தலைமைப்பதவி மற்றுமொரு பட்டமாக அமைந்துவிடுகிறது. ஒவ்வொரு துறை நிபுணருக்கும் தமது துறைநோயே நாட்டின் பெருநோயாகத் தோன்றுகிறது. பட்டத்துக்கும் பதவியுயர்வுக்குமென எழுதப்படும் ஆய்வேடுகள் நூலக அடுக்குகளில் உறங்குவதை அறியாத மாணவர் இலர். மாலையுங் கழுத்துமாக மேடையில் அமரும் செல்வரும், அவரருகே அமர்ந்து தலையசைக்கும் மருத்துவரும் ஒரு நிதியத்தை உருவாக்கிவிடமாட்டார்கள்.

இதற்கு மாறான முன்மாதிரி தமிழ்நாட்டிலே உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் மூலம் திரட்டிய நிதியைக் கொண்டு 1954இல் அடையாற்றிற் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கியபோது அங்கிருந்தவை 12 கட்டில்களே. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் தனியார் தொழிலின் வருமானத்தை வேண்டாது அந்நிலையத்துக்கே தம் வாழ்நாளை அளித்தனர். சாந்தா 2021இல் மறையும்வரை அதனை விட்டகலவில்லை. அங்கு சிகிச்சையும் ஆராய்ச்சியும் ஒன்றாக வளர்ந்தன. வந்த நோயாளரைப் பதிந்து, தொடர்ந்து, எண்ணியதே அந்நிலையத்தின் பெருமூலதனம். கொடுத்தவர் நோயைத் தெரிவுசெய்யவில்லை. தெரிவுசெய்த மருத்துவர் அதனால் செல்வராகவில்லை. மதுரையில் 1976இல் 11 கட்டில்களுடன் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், அதன் சார்பில் 1992 முதல் மலிவு விலைக் கண்வில்லைகளைச் செய்த நிறுவனமும் இதே பாடத்தை வேறுவகையிற் போதிக்கின்றன.

கொழும்புத் தமிழர் ஓர் ஆராய்ச்சி நிதியத்தை நிறுவுவராயின் அதன் யாப்பிலே சில விதிகள் கல்லில் வெட்டப்படவேண்டும். கொடுப்பவர் தொகையைத் தீர்மானிக்கலாம். ஆய்வுப் பொருளைத் தீர்மானிக்கலாகாது. தேர்வுக் குழுவிலுள்ள மருத்துவர் அந்நிதியைத் தாம் பெறலாகாது. குழுவிலே தோட்டத் தொழிலாளர், மீனவர், போரில் உறுப்பிழந்தோர் ஆகியோரின் பிரதிநிதிகளுக்கு வாக்குரிமையுடன் இடம் வேண்டும். மாத்தளையில் 1916இல் நேர்ந்தது மீண்டும் நேரலாகாது. ஆய்வின் முடிவு கொடையாளருக்கு உவப்பாயினும் கசப்பாயினும் வெளியிடப்படவேண்டும். அது தமிழிலும் சிங்களத்திலும் வெளிவரவேண்டும்.

இறுதி விதியைக் கேட்டு நகைப்போர் இருப்பர். மருத்துவ ஆராய்ச்சி தமிழிலா என்பர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழைக் கற்றார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தமிழிலே மருத்துவம் கற்பித்தார். கடல் கடந்து வந்தவருக்கு இயன்றது, இம்மண்ணிலே பிறந்தோருக்கு ஏன் இயலாது? போர் மக்களின் மனங்களில் விட்டுச்சென்ற வடுக்களை யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் குண்டுவீச்சுக்கு நடுவே ஆராய்ந்தபோது, நோயாளர் தம் துயரைச் சொன்ன மொழி தமிழே. அச்சொற்களுக்குச் செவிகொடுத்ததனாலேயே அவ்வாராய்ச்சி பிறந்தது.

பல்கலைக்கழகத்தாரின் பொறுப்பும் இவ்விடத்திற் சிறிதன்று. வள்ளல்களைத் தேடிச் சென்று மலருக்கு விளம்பரம் கேட்கும் தமிழ்ச் சங்கங்கள், ஓர் ஆய்வுக்கு ஓராண்டுச் செலவைக் கேட்டுச் சென்றதுண்டா? மருத்துவ மாணவர் புள்ளிவிவரம் திரட்டவும், கலைப்பீட மாணவர் மக்களின் மொழியில் வினாக்கொத்து அமைக்கவும், விரிவுரையாளர் முறையியலைக் கண்காணிக்கவும் முன்வருவாராயின், தொடக்கத்துக்கு மாளிகையோ பெருநிதியோ வேண்டியதில்லை. 12 கட்டில்களுடன் அடையாறு தொடங்கிற்று. வெள்ளவத்தையின் ஒரு விடுதியில் ஓராண்டிலே தங்கிச் சென்ற நோயாளர் எவ்வூரார், என்ன நோயினர், எத்தனை நாள் தாமதித்து வந்தனர் என்று அவர்தம் சம்மதத்துடன் எழுதிய ஒரு பதிவேடே முதற்படியாகலாம். கொட்டாஞ்சேனை வணிகர் ஒருவர் ஒரு நாள் திருவிழாச் செலவை அதற்கு அளிக்கலாம். சுவாமிக்கு அதனாற் குறையொன்றும் வந்துவிடாது. மலையகத்துக் குழந்தையொன்றுக்கு நிறையக் கிடைக்கும்.